கால்வாய் வெட்டிய ஐரிஷ்காரரைத் தேடுவது எப்படி? ரிடோ முதல் இல்லினாய் வரை முழுமையான வழிகாட்டி

ஒட்டாவா பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு ரிடோ கால்வாய் என்றால் பனிக்காலத்தில் பிள்ளைகளோடு சறுக்கப் போகும் இடம். 1826-இல் தொடங்கி 1832-இல் முடிந்த அந்த 202 கிலோமீட்டர் கால்வாயில் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்தவர்களில் பெரும்பகுதியினர் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள். அவர்களின் வம்சாவளியினர் ஒன்டாரியோ முழுவதும் பரவியிருக்கிறார்கள். கலப்புத் திருமணங்கள் வழியே நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டார்கள். “மருமகளின் கொள்ளுப்பாட்டனாருக்குத் தாத்தா கால்வாய் வேலைக்கு வந்தவராம், அவர் பெயரை எங்கே தேடுவது?” என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கால்வாய் ஆவணங்களில் அவர் பெயர் அநேகமாக இருக்காது.

காரணம் எளிது. ரிடோவைக் கட்டியது பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பிரிவு. தலைமை, லெப்டினன்ட் கர்னல் ஜான் பை. ஆனால் கூலிகளில் பெரும்பாலோரை வேலைக்கு வைத்தது அவர் அல்ல. தாமஸ் மக்கே, ஜான் ரெட்பாத் போன்ற கான்ட்ராக்டர்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்தார்கள். அவர்கள் துணை கான்ட்ராக்டருக்குக் கொடுத்தார்கள், அவர் மேஸ்திரியிடம் கொடுத்தார். அரசாங்கக் கணக்கில் ஏறியது கான்ட்ராக்டரின் பெயரும், தோண்டிய மண்ணின் கன அளவும், கொடுத்த தொகையும்தான். மண்ணைத் தோண்டியவர் பெயர் மேஸ்திரியின் நோட்டோடு போய்விட்டது. அமெரிக்காவின் எரி கால்வாயிலும் இதே கதைதான். நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால்வாயின் காகிதங்கள் மலைபோல் இருந்தாலும், முதல் கட்டுமானத்துக்கான தொழிலாளர் பட்டியல் என்று ஒன்று கிடையாது.

அதனால் தேடலைக் கால்வாயில் தொடங்காமல், கால்வாய் ஓரத்தில் தொடங்க வேண்டும். அவர் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில், நிலம் கேட்டு எழுதிய மனு, அவரைக் காணோம் என்று அக்கா கொடுத்த விளம்பரம், இவைதான் நமக்கு உதவும்.

எந்தக் கால்வாய், எந்த ஆண்டு?

குடும்பக் கதையில் “கால்வாய்” என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கும். அதை இடமும் காலமுமாக மாற்றுவதுதான் முதல் வேலை. எரி கால்வாய் 1817 முதல் 1825 வரை. மொன்ட்ரியலின் லஷீன் 1821 முதல் 1825 வரை. ஒன்டாரியோவின் வெலண்ட் 1824-இல் தொடக்கம், பிறகு 1840-களில் பெரிதாக்கினார்கள். செசபீக்–ஒஹாயோ 1828-இல் தொடங்கி 1850 வரை இழுத்தது. இல்லினாய்–மிச்சிகன் 1836 முதல் 1848 வரை. நியூ ஆர்லியன்ஸின் நியூ பேசின் 1832-இல் தொடங்கியது.

இவற்றில் எது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, பிள்ளைகள் பிறந்த இடம். அமெரிக்காவில் 1850-க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1850-இல்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் வருகிறது. கனடாவில் அது 1851 கணக்கெடுப்பில். ஒரு வீட்டில் மூத்தவன் நியூயார்க்கில் 1824-இலும், அடுத்தவள் மேல் கனடாவில் (இன்றைய ஒன்டாரியோ) 1829-இலும், கடைசிப் பிள்ளை இல்லினாயில் 1839-இலும் பிறந்ததாக இருந்தால், அப்பா எந்த வேலைக்குப் பின்னால் எந்த வேலைக்குப் போனார் என்று வரைபடமே போட்டுவிடலாம். எரி முடிந்ததும் ரிடோ, ரிடோ முடிந்து சில ஆண்டுகளில் இல்லினாய்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எரி கால்வாயை ஐரிஷ்காரர்கள்தான் வெட்டினார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. வேலையாட்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் என்று கால்வாய் ஆணையர்களே 1819 அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஐரிஷ்காரர்கள் பெருகியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், குறிப்பாக நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் பக்கம் பாறையைக் குடைந்தபோதும், 1836-இல் தொடங்கிய விரிவாக்கத்தின்போதும். குடும்பக் கதை 1818 என்று சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

கோவில் பதிவேடுகள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

கூலிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று வாழ்க்கையில் மூன்று முறையாவது பங்குத்தந்தையின் பேனா அவர்களைத் தொட்டிருக்கும். அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பக்கத்து புராட்டஸ்டண்ட் ஐரிஷ்காரர்களும் கணிசமாக வந்தார்கள் என்பதால் ஆங்கிலிகன், பிரெஸ்பிட்டேரியன் பதிவேடுகளையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ரிடோவுக்கு எந்தக் கோவில்? வட முனை என்றால் பைடவுன், அதாவது இன்றைய ஒட்டாவாவின் நோத்ர்-டாம். தென் முனை என்றால் கிங்ஸ்டன். நடுவில் பெர்த். அப்புறம், பலரும் மறந்துவிடும் மொன்ட்ரியல். கியூபெக் துறைமுகத்தில் இறங்கியவர்கள் அந்த வழியாகத்தான் மேலே போனார்கள். பனிக்காலத்தில் வேலை குறைந்தபோது பலர் அங்கேயே திரும்பினார்கள். கியூபெக்கின் கோவில் பதிவேடுகள் ட்ரூவான் தொகுப்பு என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்டாரியோவின் சில கத்தோலிக்கக் கோவில்களும் அதில் உண்டு.

பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிய பதிவு நமக்கு வரப்பிரசாதம். பெண்ணைக் கணவர் பெயரால் அல்ல, பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரால் எழுதுவது அவர்கள் வழக்கம். கல்யாணப் பதிவென்றால் இரு தரப்புப் பெற்றோர் பெயரும் இருக்கும். பல இடங்களில் அயர்லாந்தில் எந்தக் கவுண்டி (மாவட்டம் போன்றது), எந்தப் பங்கு (ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம்) என்பதும் சேர்ந்தே வரும். ஆங்கிலம் பேசும் ஊர்ப் பதிவேட்டில் இவ்வளவு விவரம் அரிது.

கஷ்டம் எழுத்துக்கூட்டலில். மாப்பிள்ளைக்கு எழுதத் தெரியாது, பாதிரியாருக்கு ஐரிஷ் உச்சரிப்பு பிடிபடாது. காதில் விழுந்ததை பிரெஞ்சு முறையில் எழுதிவிடுவார். கியூபெக்கில் சல்லிவன் சில்வேன் ஆனதுண்டு. தேடுபெட்டியில் பெயரைப் போட்டு “இல்லை” என்று வந்தால் விட்டுவிடக் கூடாது. அந்த ஆண்டுப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். ‘ஓ’, ‘மக்’ போன்ற முன்னொட்டுகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு கிடைத்ததும் செய்ய வேண்டிய முக்கியமான காரியம், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கல்யாணச் சாட்சிகள் எல்லாரையும் குறித்துக்கொள்வது. இவர்கள் தற்செயலாக வந்து நின்றவர்கள் அல்ல. ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து, ஒரே மேஸ்திரியிடம் வேலை பார்த்து, ஒரே குடிசை வரிசையில் தங்கினார்கள். உங்கள் ஆளின் சொந்த ஊர் எந்தப் பதிவிலும் இல்லாமல் போகலாம், பிள்ளையின் ஞானத்தகப்பனுடைய ஊர் அவர் கல்லறைக் கல்லில் பொறித்திருக்கும். என் அனுபவத்தில், நேராகத் தேடிக் கிடைத்தவர்களைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் வழியே கிடைத்தவர்களே அதிகம்.

மெக்கேப் (McCabe) பட்டியல்: ரிடோக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த புதையல்

1829-இல் பைடவுன் பகுதி ஐரிஷ்காரர்கள் ஒரு மனுவில் பெயர் கொடுத்தார்கள். அயர்லாந்தில் விட்டுவந்த உறவினர்களை அரசாங்கச் செலவில் வரவழைத்துக் கொடுங்கள் என்பது கோரிக்கை. அது லண்டன் காலனி அலுவலகக் கோப்புகளில் போய் உறங்கியது. சுமார் 700 பேர் அதில் இருக்கிறார்கள். அதைத்தான் இன்று மெக்கேப் பட்டியல் என்கிறார்கள்.

சாதாரணக் கப்பல் பட்டியலில் “அயர்லாந்து, கூலி” என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். இதில் மனுதாரர் பெயர், கவுண்டி, பங்கு என்று இறங்கி, பலருக்கு டவுன்லேண்ட் வரை போகிறது. டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கே இருக்கும் உறவினர்களைப் பற்றிய விவரமும் உண்டு. அந்தக் காலத்து ஐரிஷ் ஏழை ஒருவரைப் பற்றி இத்தனை தகவல் ஒரே வரியில் கிடைப்பது அபூர்வம்.

பட்டியல் நூலாகவும் வந்திருக்கிறது, இணையத்திலும் பெயர்வாரியாகப் பார்க்கலாம். உங்கள் ஆள் இல்லையென்றாலும் சோர்ந்துவிடாதீர்கள். மேலே குறித்து வைத்த ஞானப்பெற்றோரின் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் எல்லாருமே கால்வாய்க் கூலிகள் அல்ல, சுற்றுவட்டார விவசாயிகளும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பீட்டர் ராபின்சன் என்பவர் முன்னின்று நடத்திய குடியேற்றம். 1823-இல் ஹீப், ஸ்டேக்ஸ்பி என்ற இரண்டு கப்பல்களில் 568 பேரும், 1825-இல் 2,024 பேரும் அரசாங்கச் செலவில் கொண்டுவரப்பட்டார்கள். அயர்லாந்தின் தெற்கே உள்ள கார்க் பகுதி ஆட்கள் அதிகம். அரசாங்கம் பணம் போட்டதால் கப்பல் பட்டியல் பெயரும் வயதுமாகப் பத்திரமாக இருக்கிறது. நிலம் கொடுத்தும் கையில் காசில்லாமல், இவர்களில் சிலர் ரிடோவுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

நிலம் கேட்டு எழுதிய மனுக்கள்

கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் மேல் கனடா நில மனுக்களைப் படமாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. எப்போது வந்தேன், எங்கே வேலை பார்த்தேன், மனைவி மக்கள் எத்தனை பேர் என்று மனுதாரர் சொல்லியிருப்பார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தால் அவருக்கு எழுதத் தெரியாது என்று அர்த்தம். வேறொரு ஆவணத்தில் அதே பெயரில் அழகான கையெழுத்தைக் கண்டால், அது வேறு ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இல்லினாயில் நிலக்கதை இன்னும் சுவாரசியம். 1837 நிதி நெருக்கடியில் மாநிலத்திடம் பணம் தீர்ந்துபோனது. கூலிக்குப் பதிலாகக் கால்வாய்ச் சீட்டு கொடுத்தார்கள். கடையில் அந்தச் சீட்டுக்கு முகமதிப்பு கிடைக்கவில்லை. ஆனால் கால்வாய் நிலம் வாங்கச் செல்லுபடியாகும். அப்படித்தான் மண் சுமந்த பல ஐரிஷ்காரர்கள் சிகாகோவுக்குத் தென்மேற்கே நில உரிமையாளர்கள் ஆனார்கள். இல்லினாய் மாநில ஆவணக் காப்பகத்தின் பொதுநில விற்பனைத் தரவுத்தளத்தில் வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேடலாம். பெயர் கிடைத்தால், அந்த இடத்துக்கு அருகே எந்தக் கத்தோலிக்கக் கோவில் என்று பாருங்கள். சேக் பிரிட்ஜின் புனித யாக்கோபு கோவில் கல்லறையில் கால்வாய்த் தொழிலாளர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

“காணவில்லை” விளம்பரங்கள்

பாஸ்டனில் வெளிவந்த பைலட் என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமல் போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களைப் போட்டுவந்தது. பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தொகுத்து இலவசத் தேடல் தளமாக்கியிருக்கிறது. நாற்பதாயிரத்துக்கு மேல் பதிவுகள்.

விளம்பரத்தின் அமைப்பு கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். இன்னார், இன்ன கவுண்டியில் இன்ன பங்கைச் சேர்ந்தவர், இன்ன ஆண்டில் கியூபெக்கில் இறங்கினார், கடைசியாக இன்ன கால்வாயில் வேலை பார்ப்பதாகக் கேள்வி, தகவல் தெரிந்தால் அவர் தங்கைக்கு எழுதுங்கள். நமக்கு வேண்டிய நான்கு விஷயமும் நான்கு வரியில். அதனால் குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடாமல், கால்வாயின் பெயரையும், லாக்போர்ட், வில்லியம்ஸ்போர்ட் போன்ற ஊர்ப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். உங்கள் ஆளுடன் ஒரே கேம்ப்பில் இருந்தவர்கள் எந்தக் கவுண்டிக்காரர்கள் என்பது தெரியவரும்.

அதுவும் ஒரு தடயம்தான். கால்வாய்க் கேம்ப்களில் ஆட்கள் ஊர்வாரியாகப் பிரிந்து நின்றார்கள். கார்க் கோஷ்டி ஒன்று, அயர்லாந்தின் நடுப்பகுதி, வடபகுதிக்காரர்கள் இன்னொன்று. செசபீக்–ஒஹாயோவில் 1834 ஜனவரியில் வில்லியம்ஸ்போர்ட் அருகே கார்க் கோஷ்டியும் லாங்ஃபோர்டு கோஷ்டியும் மோதி, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. இல்லினாயிலும் 1838-இல் இதே பகை. பத்திரிகைகள் இதைக் குடிவெறிச் சண்டையாக எழுதின. அடியில் இருந்தது யாருக்கு வேலை, யாருக்குக் கூலி என்ற பிரச்சினை. 1843-இல் கியூபெக்கின் போஆர்நுவா கால்வாய் வேலைநிறுத்தத்தில் படையினர் பாய்ந்ததில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கலவரம் நடந்த இடங்களில் கைதுப் பட்டியல், நீதிமன்றப் பதிவு, விசாரணைச் சாட்சியம் எல்லாம் இருக்கும். முன்னோர் பெயரைக் குற்றப் பதிவேட்டில் பார்ப்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் மேஸ்திரியின் நோட்டு தொலைந்த இடத்தில் போலீஸ்காரரின் நோட்டுதான் மிச்சம்.

கப்பல் பட்டியலும் குடியுரிமைக் காகிதமும்

எல்லாரும் முதலில் ஓடுவது கப்பல் பட்டியலுக்கு. நான் அதைப் பின்னால் தள்ளியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களில் 1820 முதல் பட்டியல் உண்டு. கனடாவில் 1865 வரை அப்படிக் கட்டாயமாகச் சேகரிக்கப்படவில்லை. மரம் ஏற்றப் போகும் கப்பல்கள் கியூபெக்குக்குக் குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றியதால், அமெரிக்கா போக நினைத்தவர்கள்கூட அந்த வழியில் வந்து நடந்தே எல்லை தாண்டினார்கள். பெயர் கிடைத்தாலும், “ஜான் மர்ஃபி, 25, கூலி” என்ற பதிவு எத்தனையோ இருக்கும்.

ஆனால் கூட்டமாகப் பொருத்தினால் கப்பல் பட்டியலும் பேசும். பென்சில்வேனியாவில் டஃபீஸ் கட் என்ற இடத்தில் 1832-இல் ரயில்பாதை வேலைக்கு வந்த 57 ஐரிஷ்காரர்கள் சில வாரங்களிலேயே இறந்துபோனார்கள். அது கால்வாய் அல்ல, ஆனால் அதே காலம், அதே கான்ட்ராக்ட் முறை. அயர்லாந்தின் டெரியிலிருந்து ஃபிலடெல்ஃபியா வந்த ஜான் ஸ்டாம்ப் என்ற கப்பலின் பட்டியலையும், தோண்டியெடுத்த எலும்புகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் வேலை செய்தார்கள். வயதும் பல் அமைப்பும் பொருந்தியதை வைத்து ஒருவரை அடையாளம் கண்டு, 2013-இல் அயர்லாந்தின் டோனிகாலில் அடக்கம் செய்தார்கள்.

குடியுரிமை விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. கனடாவில் ஐரிஷ்காரர் ஏற்கெனவே பிரிட்டிஷ் பிரஜை, அதனால் அந்தக் காகிதமே இருக்காது. அமெரிக்காவில் இருக்கும். 1906-க்கு முன் எந்த நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதால், கால்வாய் ஓரத்துக் கவுண்டி நீதிமன்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1828-க்கு முன் வந்தவர் என்றால், அப்போதைய சட்டப்படி தனியாகப் பதிவு செய்திருக்கலாம். அதில் பிறந்த இடமும் வயதும் வரும்.

காய்ச்சலில் போனவர்கள்

ரிடோவில் சுமார் ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் மலேரியா. கனடாவில் மலேரியாவா என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். சதுப்பு நிலங்களில் கோடை முடிவில் அந்தக் குளிர்காய்ச்சல் பரவியது. ஜோன்ஸ் ஃபால்ஸும் நியூபரோவும் மிக மோசம். 1828-இல் கர்னல் பையே படுத்துவிட்டார். கொய்னா கூலிகளுக்கு எட்டாத விலை.

அதனால் ஒரு பெண் 1829-இலோ 1830-இலோ விதவையாக மறுமணம் செய்ததைக் கண்டால், முதல் கணவர் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில் இறந்தாரா என்று அடக்கப் பதிவைப் பாருங்கள். இறந்தவர்கள் எல்லாருக்கும் பதிவு இருக்காது. காட்டுக்குள் இருந்த வேலையிடங்களுக்குப் பாதிரியார் வருவதே எப்போதாவதுதான். பைடவுனின் பாரக் ஹில் கல்லறை 1845 வரை பயன்பட்டு, பிறகு மேலே ஊர் எழும்பிவிட்டது. 2013-இல் அங்கே எலும்புகள் கிடைத்தன. 2017-இல் பீச்வுட் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

பிழைத்தவர்கள் 1870-கள் வரை வாழ்ந்திருந்தால் வேலை சுலபம். ஒன்டாரியோவில் 1869-இல் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது.

அயர்லாந்துக்குள் நுழைவது

பங்கின் பெயர் தெரியும்வரை அயர்லாந்து ஆவணங்களைத் தொடாதீர்கள். கவுண்டி மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் ஒரே பெயரில் முப்பது பேர் வருவார்கள்.

பங்கு தெரிந்ததும் அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்துக்குப் போங்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்கள் 2015 முதல் இலவசமாக அங்கே உள்ளன. அந்தப் பங்கின் ஏடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். மேற்குப் பகுதியில் 1830-களுக்குப் பிறகே தொடங்கும் பங்குகள் ஏராளம். உங்கள் ஆள் 1800-இல் பிறந்தவர் என்றால் அங்கே ஞானஸ்நானப் பதிவு இருக்கவே இருக்காது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்துத் தீயில் போயிற்று. எரிந்ததற்கு மாற்றாகக் கிடைக்கும் பிரதிகளை 2022-இல் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலம் (Virtual Record Treasury) என்ற இணையதளம் சேர்த்துவருகிறது, அதையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

மிஞ்சுவது திருச்சபைக்குக் கட்டிய தசமபாக வரியின் ஏடு. 1823 முதல் 1837 வரை நிலம் வைத்திருந்தவர்களின் பெயர், டவுன்லேண்ட் வாரியாக. கால்வாய்க்கு வந்தவர் நிலமில்லாதவராக இருக்கலாம், ஆனால் அவர் அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள். அதே டவுன்லேண்டை 1847-க்கும் 1864-க்கும் இடையில் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டிலும் பாருங்கள். இடையில் பெரும் பஞ்சம் வந்துபோனதால், முதலில் இருந்த குடும்பம் இரண்டாவதில் இல்லாமல் போனால் அதுவே ஒரு செய்தி.

கடைசியில் ஒரே பங்கில், ஒரே பெயரில், இரண்டு வருட வித்தியாசத்தில் பிறந்த இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அப்போது பிடித்த ஆளைத் தேர்ந்தெடுக்காமல், இருவரையும் அயர்லாந்துக்குள்ளேயே தொடர்ந்து போங்கள். 1832-க்குப் பிறகு அந்த ஊரில் கல்யாணமோ, பிள்ளையின் ஞானஸ்நானமோ எவருக்கு இருக்கிறதோ அவர் அங்கேயே தங்கியவர், அவரைக் கழித்துவிடலாம். இருவருமே மறைந்துவிட்டால், இருவரின் ஞானப்பெற்றோர் குடும்பப் பெயர்களையும் பைடவுன் பதிவேட்டுச் சாட்சிகளோடு ஒப்பிடுங்கள். அப்போதும் தீரவில்லையென்றால் குடும்ப மரத்தில் இருவர் பெயரையும் “இவராக இருக்கலாம்” என்ற குறிப்போடு போட்டுவையுங்கள். ஒருவரை மட்டும் உறுதியாகப் போட்டுவிட்டால், இணையத்தில் அதைப் பார்த்து நூறு பேர் நகலெடுத்துவிடுவார்கள், பிறகு திருத்தவே முடியாது.